வெளியே என்று நான் எழுதிய பலகை

சிவலிங்கம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "சத்தமாப் படிங்க" என்றாள். நான்கு வரி படித்தேன். மீதியை மனத்துக்குள் படித்துவிட்டு, உடம்பு சௌக்கியம் என்று எழுதியிருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். இருபத்தேழு வருடம் என்னோடு வாழ்ந்தவளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது. சாயங்காலம் கேட்டாள், எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆகவே இந்தக் கடிதம் எங்கள் இருவருடையது என்று வைத்துக்கொள். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் மாமனார் படித்தாலும் சரி, உன் ஆபீஸில் உன்னோடு கணக்கு எழுதுகிற கிராணிகள் எல்லாரும் கூடிப் படித்தாலும் சரி.

உன் தங்கை கமலத்துக்கு இந்தியாவில் தூரத்துச் சொந்தத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதாக உன் மாமனார் வீட்டில் சொல்லிவைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். யாராவது கேட்டால் நாங்களும் அப்படியே சொல்ல வேண்டுமாம். கப்பல் ஏறியே அறியாத பெண்ணை நீ கடிதத்திலேயே கடல் தாண்ட வைத்துவிட்டாய். அவள் கிள்ளானில்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரி குவாட்டர்ஸில், உன் ஆபீஸிலிருந்து பத்து நிமிடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறாள். நாளைக்குப் பாசாரில் காய் வாங்கிக்கொண்டு உன் எதிரே வந்தால் என்ன செய்வாய், யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாயா? "நம் குடும்பத்தின் அந்தஸ்து" என்று அந்தச் சொல்லை ஒரே கடிதத்தில் ஆறு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த அந்தஸ்து எங்கிருந்து வந்தது, யார் கட்டியது என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதபடி வளர்த்தவன் நான்தான். கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோபத்தில் பாதி எனக்கும் சேரும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கமலத்தின் மாமனாரை இன்று நான் சம்பந்தி என்றுதான் அழைக்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமானால், அன்று அழைத்தபடி முனியன் என்றே எழுத வேண்டும், அவன் இவன் என்றே எழுத வேண்டும். அதைப் படிக்கும்போது உனக்குச் சுகமாக இருந்தால் அதையும் கவனித்துக்கொள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே தண்டவாள வேலைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. கூலி லயத்தில் ஓர் அறைக்கு ஆறு பேர். அந்த ஆறில் முனியன் ஒருவன். சேரியில் பிறந்தவன் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வேறு அறை வேண்டும் என்று எங்களை வேலை ஏவுகிற மண்டோரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அறையில் படுக்கப் பிடிக்காமல் பதினொரு நாள் வெளியே கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் பெய்த மழை என்னை உள்ளே தள்ளியது. மனம் மாறி உள்ளே போனேன் என்று நினைத்துவிடாதே, மழைக்குத்தான் போனேன். முனியன் தன் பாயைச் சுவரோரம் இழுத்து எனக்கு இடம் விட்டான். "வாங்கண்ணே" என்றான். ஊரில் அவன் ஆட்கள் என்னைச் சாமி என்பார்கள். இவன் அண்ணே என்கிறானே என்று இடம் கிடைத்த அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

அடுத்த வருடம் ஊரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று உனக்கு நான் சொல்லி வளர்த்தது பொய். எங்கள் கும்பலில் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான், பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படித்த முனியன். என் அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியனுப்பிய கடிதத்தை அவன் தொடுவதா என்று ஒன்பது நாள் அதை மடியிலேயே கட்டிக்கொண்டு தண்டவாளத்துக்குச் சல்லிக்கல் சுமந்தேன். வேர்வையில் காகிதம் நைந்துவிட்டது. பத்தாம் நாள் பயம் வந்து அவனிடம் நீட்டினேன். எனக்கு உடம்பு முடியவில்லை, உன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், உடனே பதில் போடு என்று அம்மா சொல்லி எழுதியிருந்தது. அவன் மெதுவாகப் படித்தான், படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் கல்மேல் வைத்தான். என் கைமேல் அவன் கை படக்கூடாது என்று அவனே பார்த்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "அண்ணே, நீங்களே படிக்கக் கத்துக்குங்க. அடுத்த கடுதாசிக்கு என் கை உங்களுக்கு வேண்டாம்."

கரித்துண்டால் கூட்ஸ் வண்டியின் பக்கவாட்டில் எழுதிக் காட்டினான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில்தான் எல்லாம். நான் பிழையாக எழுதினால் தலையில் குட்ட முடியாது, தொட முடியாதே, அதனால் அழித்துவிட்டு மறுபடி எழுது என்பான். நான்கு மாதத்தில் எழுத்துக் கூட்டக் கற்றேன். நான் முதன்முதலாக என் கண்ணால் படித்த கடிதம் என் அம்மா இறந்த செய்தி. கணக்குப் பார்த்தால், அந்த முதல் கடிதத்தை நான் மடியில் கட்டிக்கொண்டு திரிந்த நாட்களில்தான் அவள் போயிருக்கிறாள். உடனே படித்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அவள் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் வார்த்தையைப் பிரிக்காமல் இடுப்பில் வைத்திருந்தவன் நான். நீ பெருமையாக எழுதுகிறாயே ஜாதி, அது எனக்குச் செய்து கொடுத்தது இதைத்தான்.

இங்கே வந்த எங்களுக்கு ஜாதியை எங்கே வைப்பது என்றே முதலில் தெரியவில்லை. ஊரில் அதற்குத் தனித் தெரு இருந்தது, தனிக் கிணறு இருந்தது, யார் எந்த வேலை செய்வது என்று பிறக்கும்போதே எழுதியிருந்தது. இங்கே எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே சல்லிக்கூடை, வெள்ளைக்காரத் துரையின் ஒரே வசவு. கொஞ்ச வருடத்தில் அது சோர்ந்து படுத்துவிட்டது. அப்படியே செத்திருக்கும். அதை எழுப்பி உட்கார வைத்தவர்கள் நாங்கள்தான், அதுவும் கையில் நாலு பேரை ஏவுகிற வேலை வந்த பிறகு. கூலியாக இருந்தவரை என்னை எவனும் உன் குலம் என்ன என்று கேட்கவில்லை. மண்டோர் ஆனதும் கேட்டார்கள், நானும் மற்றவனைக் கேட்டேன். ஊரில் அது தோலோடு ஒட்டியிருந்தது. இங்கே அது சம்பளம் கூடியதும் தைத்துப் போட்டுக்கொள்கிற கோட்டு மாதிரி ஆகிவிட்டது. அளவு சரியில்லை என்றால் வேறு தையல்காரனைப் பார்த்துப் பெரிதாகத் தைத்துக்கொள்ளலாம்.

நானே தைத்துக்கொண்டேன். உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார் அங்கிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி. எனக்கு முன்னால் நின்ற கண்டிராக்டர் தன் பெயரோடு பிள்ளை என்று சேர்த்துச் சொன்னார். நானும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் வம்சத்தில் எவனுக்கும் அந்தப் பட்டம் கிடையாது. பின்னால் தன் மகன் தங்கவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு முனியன் நின்றிருந்தான். அவன் காதில் விழுந்தது. வெளியே வந்து நடக்கும்போது, "பேரு நல்லாத்தான் இருக்குண்ணே, பையன் சுமக்கணுமே" என்றான். நான் நடையை எட்டிப் போட்டேன். நீயும் தங்கவேலுவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். அவன் சிலேட்டைப் பார்த்துக் கணக்கை எழுதிக்கொண்டு வருவாய் என்று உன் வாத்தியாரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்று நீ கிராணி, அவன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர். உன்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறான். உன் பட்டம் நான் வாயால் சொல்லி வாங்கியது, அவன் உத்தியோகம் அவன் பரீட்சை எழுதி வாங்கியது. இதில் எது அந்தஸ்து என்று எனக்கு விளக்கி எழுது.

அடுத்தது நான் செய்த பெரிய பாவம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் லயத்துக்குப் பின்னால் இருந்த மாரியம்மன் கோயில் உனக்கு நினைவிருக்கும். தண்டவாளத்திலிருந்து கழித்துப் போட்ட சிலிப்பர்க் கட்டையும் தகரமும் வைத்து நாங்கள் எழுப்பியது. பீடத்துக் கல்லை ஆற்றங்கரையிலிருந்து தோளில் சுமந்து வந்தவர்கள் நால்வர், அதில் முனியன் ஒருவன். தகரக் கொட்டகையாக இருந்தவரை யார் எங்கே நின்று கும்பிடுவது என்று யாரும் கேட்கவில்லை. செங்கல் கட்டடம் எழுந்தது, கிராணிகளும் கண்டிராக்டர்களும் கமிட்டியில் வந்து உட்கார்ந்தார்கள், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாவது கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார், பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வருகிற இடத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று. ஒழுங்கு என்றால் என்ன என்று எல்லாருக்கும் புரிந்தது. ஆதிதிராவிடர் கொடிமரத்துக்கு வெளியே நின்று வணங்க வேண்டும் என்று பலகை எழுதுவதாக முடிவாயிற்று. யாருக்குக் கையெழுத்து அழகு என்று பார்த்து என்னிடம் கொடுத்தார்கள். எழுதினேன். அது மாட்டப்பட்ட அன்று நீ அதன் முன்னால் நின்று, எங்கப்பா எழுதியது என்று உன் சிநேகிதர்களிடம் சொன்னாய். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து முனியன் வந்தான். பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தான். நான் உள்ளே கொடிமரத்துப் பக்கம் நின்றிருந்தேன். அவன் கத்துவான், எனக்கும் பதிலுக்குக் கத்த ஒரு காரணம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "வெளியேங்கிறதுல கடைசி எழுத்துக்கு ரெட்டைக் கொம்புண்ணே. ஒத்தைக் கொம்பு போட்டிருக்கீங்க. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டான். பிறகு பதின்மூன்று வருடம் அந்தக் கோயில் பக்கமே அவன் வரவில்லை. அவன் வந்துபோன மறுநாள் நான் போய்ப் பலகையைக் கழற்றினேனா? ஒரு கொம்பைக் கூட்டித் திருத்தி எழுதினேன். ஒரு மனிதன் தன் அறிவைக் கொடுத்தான், அதை வாங்கி அவன் முகத்துக்கு எதிரே கதவாக மாட்டினேன். மாட்டியதோடு விடாமல் பிழை இல்லாத கதவாகவும் ஆக்கினேன்.

போன வருடம் உன் அம்மா உன் வீட்டில் தங்கியிருந்தபோது காலில் ஆணி ஏறிப் புண்ணாகி, கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தாள். நீ இரண்டு முறை வந்து பார்த்தாய். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவன் தங்கவேலு. அம்மா என்றுதான் கூப்பிடுவானாம். அவளோடு உன் வீட்டில் தங்கியிருந்த கமலம் சோறு கொண்டுபோவாள். அங்கேதான் அவர்கள் பேசிப் பழகியது. ஒளித்துச் செய்ததில்லை. வீட்டுக்கு வந்த வாரமே கமலம் என் முன்னால் வந்து நின்று, "தங்கவேலுவைத்தான் கட்டிக்குவேன்பா. முடியாதுன்னு சொன்னா ஏன்னு சொல்லுங்க" என்றாள். ஏன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் முடியாது என்று சொன்னேன். மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நீ இன்று செய்வதைத்தான் நான் அன்று செய்தேன். அதனால்தான் உன்மேல் எனக்கு இத்தனை ஆத்திரம்.

நாலாவது வாரம் முனியன் என் வீட்டுக்கு வந்தான். மகனுக்காகக் கெஞ்ச வருகிறான் என்று நினைத்து, எப்படி மறுப்பது என்று தயாரானேன். உன் அம்மா நாற்காலி போட்டாள். அவன் உட்காரவில்லை, வாசலைத் தாண்டி உள்ளேயும் வரவில்லை. "உங்க மகளைக் குறை சொல்ல வரலண்ணே, நல்ல பொண்ணு. ஆனா என் மகனுக்கு இந்த வீட்டுச் சம்பந்தம் வேண்டாம். என்னை வெளிய நிக்கச் சொல்லி எழுதுன கை இது. இந்தக் கை அட்சதை போட்டு என் பிள்ளை வாழ வேண்டாம்" என்றான். மறுக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். என்னை ஒருவன் வேண்டாம் என்கிறான், அதுவும் அவன். உடம்பெல்லாம் கொதித்தது. அவன் போனபிறகு உன் அம்மா நிதானமாகக் கேட்டாள்: "அவர் ஒரு தடவை சொன்னதுக்கே உங்களுக்கு இவ்வளவு கோவம் வருதே. பதிமூணு வருஷமா அந்தப் பலகை அவருக்குத் தினமும் சொல்லிக்கிட்டு இருக்குதே?"

மறுநாள் செந்தூலில் அவன் வீட்டுக்குப் போனேன். இந்த ஊரில் முப்பது வருடம் இருந்தும் அதுவே முதல் தடவை. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா நான் பரவால்லைன்னு சொல்லணும். பரவால்லைன்னு எனக்குத் தோணல. எழுதுனவரே போயி அழிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜைக்குக் கூட்டம் இருந்த நேரம் பார்த்து, ஒரு டப்பி கறுப்புப் பெயிண்டோடு போனேன். யாரும் இல்லாதபோது அழித்தால் அது அழித்ததாகாது என்று பட்டது. முக்காலி போட்டு ஏறினேன். கமிட்டித் தலைவர் ஓடிவந்தார். "என்ன மண்டோர் இது, பொண்ணுக்காகவா?" என்றார். பொண்ணு இல்லாவிட்டாலும் அழித்திருக்க வேண்டியதுதான் என்றேன். அது முழு உண்மை இல்லை, உன்னிடம் மறைக்க மாட்டேன். கமலம் வந்து நின்றிருக்காவிட்டால் நான் அந்தப் பலகைக்குக் கீழேயே கும்பிட்டுக் கும்பிட்டுச் செத்திருப்பேன். கூட்டத்தில் இரண்டு பேர் காறித் துப்பினார்கள். ஒருவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார், இழுக்கப் போகிறார் என்று நினைத்தேன், ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். யார் என்று எனக்குத் தெரியாது. கடைசி எழுத்துவரை அழித்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த வாரமே புதுப் பலகை வந்துவிட்டது. தகரத்தில், சாயம் போட்ட அச்செழுத்து. கமிட்டியில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். அவமானத்தோடு போய் முனியனிடம் சொன்னேன். "மாட்டுவாங்கன்னு தெரியும். உங்க கையெழுத்து இல்லைல்ல, அது போதும்" என்றான். அன்றுதான் கல்யாணத்துக்கு நாள் பார்த்தோம்.

உன் மாமனார் விஷயம் ஒன்று. அவர் கல்யாணங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து எந்தக் குடும்பம் எந்தப் படி என்று தீர்ப்புச் சொல்கிறாரே, அவரும் நான் வந்த கப்பலில்தான் வந்தார். அவர் ஊர் தெரியும், தெரு தெரியும், அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு என்ன பெயர் என்பதும் தெரியும். பயப்படாதே, சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பெயரை இழிவு என்று நானும் ஒப்புக்கொண்டதாகும். ஆனால் தினம் காலையில் கோட்டு மாட்டும்போது அவர் எவ்வளவு நடுங்குவார் என்று எனக்குத் தெரியும், நானும் நடுங்கியிருக்கிறேன். அந்த நடுக்கத்தைத்தான் நீ அந்தஸ்து என்று எழுதுகிறாய்.

கல்யாணம் தங்கவேலுவின் குவாட்டர்ஸ் முற்றத்தில் நடந்தது. நம் பக்கம் நானும் உன் அம்மாவும் மட்டும். உன்னைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் ரிக்ஷா சத்தம் கேட்கும்போதெல்லாம் கமலம் மணையிலிருந்து தெருவைப் பார்த்தாள். தாலி கட்டப்போகிற நேரத்தில் தங்கவேலு நாதஸ்வரக்காரரைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க, மச்சான் வரணும்" என்றான். முகூர்த்தம் தவறிவிடும் என்று முனியன் சொல்லும்வரை கால்மணி நேரம் அத்தனை பேரும் உனக்காகக் காத்திருந்தார்கள். நீ அப்போது ஆபீஸில் இருந்தாய். மேளச் சத்தம் அங்கே வரை கேட்டிருக்கும்.

உன்மேல் எனக்கிருந்த கோபத்தை எழுதித் தீர்த்துவிட்டேன் என்று நினைக்காதே. இன்னும் இருக்கிறது. நான் மாட்டியதை அழிக்க எனக்குப் பதின்மூன்று வருடம் ஆயிற்று. உனக்கு அவ்வளவு நாள் நான் தர மாட்டேன், எனக்கு அவ்வளவு ஆயுளும் இல்லை.

உன் அம்மா இன்று காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய்விட்டாள். நீ எழுதியதற்குப் பதில் எழுதச் சொன்னேன், அவன் வந்தால் நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். உன் வீட்டுக்கு வர மாட்டாள். கமலத்துக்கு மசக்கை, அதனால் இனி பிரசவம் ஆகும்வரை அம்மா கமலத்தின் வீட்டில்தான். அவளைப் பார்க்க வேண்டுமானால் அந்த வீட்டுக்குத்தான் நீ போக வேண்டும். அண்ணன் வந்தால் என்ன சொல்வது என்று கமலம் என்னைக் கேட்டாள். வருகிறவர்களிடம் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லு என்றேன். உட்காருங்க, சாப்பிடுங்க என்போம் என்றாள்.

உன் அப்பா